நூல் அறுந்தால் யார் சொல்வது? – வலைப்பின்னல் மேலாண்மையின் கதை

திருப்பூர் மாவட்டத்தில், மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றுப் பாசனப் பகுதியில் உள்ள பேரூராட்சி கணியூர். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆகும் வரை இது கோவை மாவட்டத்தில் இருந்தது. தமிழில் ‘கணி’ என்றால் ‘கணக்கிடு’ என்று பொருள். கணக்கு, கணியன், கணினி எல்லாம் இந்தச் சொல்லின் குடும்பம்தான். ஊர்ப்பெயர் எப்படி வந்திருந்தாலும் சரி, கணினி பற்றிய ஒரு கட்டுரையைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. நெட்வொர்க் என்பதைத் தமிழில் ‘வலைப்பின்னல்’ என்கிறோம். திருப்பூர் வட்டாரம் உலகுக்கு விற்பது ‘பின்னலாடை’. இரண்டிலும் பின்னல் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கேள்வியும் இருக்கிறது: ஆயிரம் இழைகளில் ஒன்று அறுந்தால், அதை யார் கவனிப்பது? யார் யாருக்குச் சொல்வது? எப்போது சொல்வது?

வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருள் என்பது இந்தக் கேள்விக்கான விடை. அதன் உள்ளே ‘நிகழ்வு வரையறை’ என்று ஒரு கோப்பு இருக்கும். எது பழுது, எது பழுதில்லை, எதற்கு நள்ளிரவில் ஆளை எழுப்ப வேண்டும், எதைப் பேசாமல் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டளை வரியில் ஒரே வரியில் மென்பொருளுக்குள் ஏற்றிவிடலாம். கேட்பதற்குச் சிறிய வேலை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் சென்னைக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

தறி தானே நின்ற கதை

கதை கணினியில் தொடங்கவில்லை. துணியில்தான் தொடங்குகிறது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ‘ஜி வகை’ தானியங்கித் தறியை முடித்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால் அந்தத் தறி தானே நின்றுவிடும். இப்படித் தானே நிற்காத தறி, நூல் அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்ட துணி முழம் முழமாக வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே தறிக்கு அருகில் ஆள் நிற்க வேண்டும். தறி தானே நிற்கத் தொடங்கியதும் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்தத் தறியின் காப்புரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது.

திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் எந்திரங்களிலும் இதே தத்துவம்தான். முப்பது அங்குல விட்டமுள்ள எந்திரத்தில் தொண்ணூறு நூல்கள் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். ஒவ்வொரு நூலின் வழியிலும் ஒரு சிறு உணர்வி இருக்கும். நூல் அறுந்தால் எந்திரம் நிற்கும். அந்த இடத்தில் விளக்கு எரியும். பின்னல் எந்திரம் ஓட்டுபவர் தொண்ணூறு நூலையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விளக்கு எரியும் இடத்துக்குப் போய் நூலை முடிந்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நூல் அறுந்தால் நில் என்று எந்திரத்துக்கு முன்கூட்டியே யாரோ ஒருவர் முடிவு செய்து வைத்திருக்கிறார். நூல் கொஞ்சம் தளர்ந்தால் நிற்க வேண்டுமா? நிற்க வேண்டாமா? உணர்வியை மிக நுட்பமாக வைத்தால் எந்திரம் அடிக்கொரு தடவை நிற்கும், உற்பத்தி போகும். மந்தமாக வைத்தால் துணியில் ஓட்டை விழும், ஆர்டர் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் தொழில். வலைப்பின்னலிலும் அதே கோடுதான்.

பழுதைச் சொன்ன தட்டச்சு எந்திரம்

இன்றைய இணையத்தின் தாய் ‘அர்ப்பாநெட்’. 1969-ல் அமெரிக்காவில் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது. அதன் இணைப்புக் கணினிகளைச் செய்து கொடுத்த பிபிஎன் நிறுவனம், விரைவிலேயே ஒரு கட்டுப்பாட்டு மையத்தையும் அமைத்தது. ஒவ்வொரு இணைப்புக் கணினியும் குறிப்பிட்ட இடைவெளியில் ‘நான் நலமாக இருக்கிறேன், என்னுடைய இந்தத் தடம் வேலை செய்கிறது, அந்தத் தடம் வேலை செய்யவில்லை’ என்று மையத்துக்குச் செய்தி அனுப்பும். மையத்தில் அது தாளில் அச்சாகும். தொலைபேசித் தடம் பழுதானதை, அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரரான தொலைபேசி நிறுவனத்துக்கு முன்பே பிபிஎன் ஆட்கள் தெரிந்துகொண்டு போன் செய்தார்கள் என்பது அந்தக் காலத்து வேடிக்கை.

ஆனால் 27 அக்டோபர் 1980 அன்று நிலைமை வேறு. சில நிலைச் செய்திகளில் துணுக்குகள் கெட்டுப்போய், அந்தக் கெட்ட செய்திகளே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வலைப்பின்னல் முழுவதும் சுற்றத் தொடங்கின. அர்ப்பாநெட் பல மணி நேரம் முடங்கியது. பழுதைச் சொல்ல வந்த செய்தியே பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம். எரிக் ரோசன் என்ற பொறியாளர் இதை விவரமாக எழுதி வைத்தார். அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

தற்காலிகமாக வந்தது, தங்கிவிட்டது

1980-களின் நடுவில் வலைப்பின்னல்கள் பெருகின. ஒரு கல்லூரியில் பத்து நிறுவனங்களின் பத்து வகைக் கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மொழி. எல்லாக் கருவிகளிடமும் ஒரே மொழியில் நலம் விசாரிக்க ஒரு நெறிமுறை தேவைப்பட்டது.

இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று, சர்வதேசத் தர அமைப்புகள் வகுத்த சிஎம்ஐபி. அது விரிவானது, கனமானது. மற்றொன்று ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் 1987-ல் எழுதிய எளிய நெறிமுறை. இதை வளர்த்துத்தான் 1988-ல் எஸ்என்எம்பி வந்தது. பெயரிலேயே ‘எளிய’ என்ற சொல் உண்டு. இணையத்தை வழிநடத்திய குழு அப்போது ஒரு சமரசத்துக்கு வந்தது: இப்போதைக்கு எஸ்என்எம்பி, பின்னாளில் சிஎம்ஐபி.

பின்னாள் வரவேயில்லை! 1989-லேயே இரண்டும் தனித்தனி வழியில் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். எளியதைக் கருவி செய்பவர்கள் சில வாரங்களில் எழுதிச் சேர்க்க முடிந்தது. கனமானது தொலைபேசி நிறுவனங்களோடு நின்றுகொண்டது. தற்காலிகம் என்று சொல்லி வைத்த கூரைக்கொட்டகையிலேயே நாற்பது வருடம் குடித்தனம் நடப்பது நம் ஊரில் புதிதில்லை அல்லவா? அதேதான் இங்கும் நடந்தது.

எஸ்என்எம்பி இரண்டு வகையில் வேலை செய்யும். ஒன்று, மேலாண்மை நிலையம் தானே போய்க் கேட்பது: ‘எப்படி இருக்கிறாய்? எத்தனை பைட் கடந்தது?’ இரண்டாவது, கருவி தானே முந்திக்கொண்டு கத்துவது: ‘என் இணைப்பு அறுந்துவிட்டது!’ இந்த இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ட்ராப் என்று பெயர். தமிழில் பொறி. எலிப்பொறியும் பொறி, கணிப்பொறியும் பொறி என்பது தமிழின் அழகு.

முதல் பதிப்பில் பொதுவான பொறிகள் ஆறுதான். கருவி புதிதாக இயங்கத் தொடங்கியது, மறுபடி தொடங்கியது, இணைப்பு அறுந்தது, இணைப்பு வந்தது, யாரோ தவறான கடவுச்சொல்லோடு கேட்டார்கள், பக்கத்துத் திசைவி காணாமல் போனது. ஏழாவதாக ‘மற்றவை’ என்று ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பொறிகளை அதில் சேர்த்துக்கொள்ளலாம். உலகம் முழுவதையும் அந்த ஏழாவது கதவு வழியாகத்தான் உள்ளே விட்டார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பொறிச்செய்தி சாதாரணத் தபால் மாதிரி. போட்டுவிட்டால் சரி, போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பின்னால் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒப்புகை அட்டையோடு அனுப்பும் பதிவுத் தபால் மாதிரி இன்னொரு வகையைச் சேர்த்தார்கள். வழியில் தொலைந்த பொறிச்செய்தியும், நடக்கவே நடக்காத பழுதும் மேலாண்மை நிலையத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

எண்களின் மரம்

பொறிச்செய்தியில் ‘இணைப்பு அறுந்தது’ என்று எழுத்தில் வராது. நீண்ட எண் ஒன்று வரும். 1.3.6.1 என்று தொடங்கும் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதில் 1.3.6.1.4.1 என்ற கிளை நிறுவனங்களுக்கானது. அங்கே ஐபிஎம்முக்கு 2, சிஸ்கோவுக்கு 9, எச்பிக்கு 11 என்று வீட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே அவரவர் தன் வீட்டுக்குள் எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அகராதிக் கோப்புக்கு ‘மிப்’ என்று பெயர். கருவி வாங்கும்போது அதை உற்பத்தியாளரே தருவார். ஒரு பெரிய கருவியின் மிப் கோப்புகளில் நூற்றுக்கணக்கான பொறிகள் இருக்கலாம். ஆனால் அகராதி பொருளை மட்டும்தான் சொல்லும். இதற்குக் கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லாது. அதைச் சொல்வதுதான் நிகழ்வு வரையறை.

ஒரு நிகழ்வு வரையறையில் என்னென்ன இருக்கும்? பொறியின் எண். மனிதருக்குப் புரியும் ஒரு பெயர். திரையில் காட்ட வேண்டிய வாசகம். அதன் கடுமை – நெருக்கடி, பெரியது, சிறியது, எச்சரிக்கை என்று தரம் பிரித்தல். இந்தத் தரவரிசையைத் தொலைபேசி உலகின் எக்ஸ்.733 என்ற தரம் 1992-ல் வகுத்தது. சிஎம்ஐபி தோற்றாலும் அதன் வீட்டுச் சொற்கள் எஸ்என்எம்பி வீட்டில் பிழைத்துக்கொண்டன. பிறகு, ஒரே நிகழ்வு நூறு முறை வந்தால் நூறு வரி காட்டாமல் ஒரே வரியில் ‘100 முறை’ என்று காட்டும் விதி. இணைப்பு அறுந்தது என்பதை அடுத்து வரும் ‘இணைப்பு வந்தது’ என்ற செய்தி தானே அழித்துவிடும் ஜோடி விதி. கடைசியாக, நிகழ்வு வந்தால் எந்த நிரலை ஓட்டுவது, யாருக்குச் செய்தி அனுப்புவது என்ற விதி.

ஏன் கட்டளை வரி?

1990 வாக்கில் எச்பி நிறுவனத்தின் ‘ஓபன்வியூ நெட்வொர்க் நோட் மேனேஜர்’ வந்தது. வலைப்பின்னலைப் படமாக வரைந்து, நலமானதைப் பச்சையிலும் கெட்டதைச் சிவப்பிலும் காட்டிய மென்பொருள்களில் அது புகழ் பெற்றது. ஐபிஎம்கூட அதன் நிரலை உரிமம் பெற்றுத்தான் தன் நெட்வியூ/6000-ஐச் செய்தது.

ஓபன்வியூவில் நிகழ்வு வரையறைகள் எல்லாம் ஒரே எழுத்துக் கோப்பில் இருந்தன. சுட்டியால் சன்னல்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்தலாம். ஆனால் இருநூறு பொறிகளை அப்படித் திருத்துவது யாருக்கு முடியும்? திருத்திய பின் அதையே இன்னும் நான்கு நிலையங்களில் மறுபடி செய்ய வேண்டும். ஐந்தாவதில் ஒரு இடத்தில் கை தவறும். எனவே மிப் கோப்பை ஏற்றவும், நிகழ்வுக் கோப்பை ஏற்றவும், இருப்பதை வெளியே இறக்கவும் கட்டளைகள் வந்தன. ஒரு நிலையத்தில் சோதித்த கோப்பை அப்படியே மற்றதில் ஏற்றலாம். நேற்றையதற்கும் இன்றையதற்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாக ஒப்பிடலாம். பழைய கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் தவறு நேர்ந்தவுடன் திரும்பப் போகலாம்.

கோப்பை ஏற்றினால் மட்டும் போதாது. பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, கோப்பு மாறிவிட்டது, மறுபடி படி என்று சொல்ல வேண்டும். யூனிக்ஸ் உலகில் இதற்கு ‘ஹேங்-அப்’ என்ற சமிக்ஞையை அனுப்புவது வழக்கம். தொலைபேசித் தடத்தில் இணைந்திருந்த பயனரின் தடம் அறுந்தது என்று சொல்வதற்காகப் பிறந்த சமிக்ஞை அது. தடம் அறுந்ததைச் சொல்லப் பிறந்த சொல், இன்று ‘தடம் அறுந்தால் என்ன செய்வது என்ற பாடத்தை மறுபடி படி’ என்று சொல்லப் பயன்படுகிறது!

2007-08-ல் இந்த மென்பொருள் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு, பெயரின் கடைசியில் ஒரு ‘ஐ’ சேர்ந்தது. ஓபன்வியூ என்ற பெயரை எச்பி கைவிட்டது. ஆனால் நிகழ்வு வரையறையை ஏற்றும் கட்டளை உட்பட அதன் கட்டளைகளின் வாலில் ‘ஓவிபிஎல்’ என்ற எழுத்துகள் தொடர்ந்தன. ஓவி என்பது ஓபன்வியூ. பிஎல் என்பது பெர்ல் நிரல்மொழி. பிறகு மென்பொருளே கைமாறியது: 2017-ல் மைக்ரோ ஃபோகஸ், 2023-ல் ஓபன்டெக்ஸ்ட். முதலாளிகள் மாறினார்கள். கட்டளையின் வால் மட்டும் பழைய வீட்டின் பெயரைச் சுமந்துகொண்டு நின்றது.

சென்னையில் நடந்தது

இந்த வரலாற்றில் தமிழ்நாடு வேடிக்கை மட்டும் பார்த்ததா? இல்லை.

சென்னை ஐஐடியில் 1989-ல் படித்து முடித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்ரீதர் வேம்புவும், அவருடைய சகோதரர்களும், டோனி தாமஸும் சேர்ந்து 1996-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘அட்வென்ட் நெட்வொர்க் மேனேஜ்மென்ட்’. சுருக்கமாக அட்வென்ட்நெட். பெயரிலேயே வலைப்பின்னல் மேலாண்மை இருக்கிறது. பதிவு அமெரிக்காவில், நிரல் எழுதியது சென்னையில்.

அவர்களுடைய முதல் சரக்கு, பொதுமக்கள் வாங்கும் பொருள் அல்ல. திசைவி, சுவிட்ச் போன்ற கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் தங்கள் கருவிக்குள் எஸ்என்எம்பியைச் சேர்க்கவும், அதைப் பார்த்துக்கொள்ளும் மேலாண்மை மென்பொருளைக் கட்டவும் உதவும் கருவிப் பெட்டி. தையல்காரருக்குத் துணி விற்பதில்லை, ஊசி விற்பது என்று சொல்லலாம். அதன் மேல் ‘வெப்என்எம்எஸ்’ என்ற மேடையைக் கட்டினார்கள். உலகின் பல மூலைகளில் ஒரு தொலைத்தொடர்புக் கருவி ‘என் இணைப்பு அறுந்தது’ என்று கத்தியபோது, அந்தக் கத்தலைப் பிடித்துத் தரம் பிரித்த நிரல் சென்னையில் எழுதப்பட்டது.

2000-01-ல் டாட்காம் குமிழி உடைந்தது. தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின, மூடப்பட்டன. ஊசி வாங்கும் தையல்காரர்களே இல்லை. அப்போது நிறுவனம் திசை திரும்பியது. கருவி செய்பவர்களுக்குப் பதில், கருவிகளைப் பயன்படுத்தும் சாதாரண அலுவலகங்களுக்கு விற்கலாம் என்று ‘மேனேஜ்என்ஜின்’ என்ற பெயரில் மென்பொருள்கள் வந்தன. அதில் ‘ஆப்மேனேஜர்’ வலைப்பின்னலைக் கவனிக்கும் மென்பொருள். அதிலும் மிப் கோப்பை ஏற்றி, அதிலுள்ள பொறிகளுக்கு வரையறை உருவாக்கி, கடுமை கொடுக்கும் அதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், பெரிய நிறுவனங்கள் மட்டும் வாங்க முடிந்ததைச் சிறிய நிறுவனமும் வாங்கும் விலைக்குக் கொண்டு வந்தார்கள்.

2005-ல் இணையத்திலேயே எழுதும் ‘ஜோஹோ ரைட்டர்’ வந்தது. 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என்று மாறியது. இன்று ஜோஹோ என்றால் எல்லோருக்கும் மின்னஞ்சலும் அலுவலக மென்பொருளும்தான் நினைவுக்கு வரும். அதன் வேர் ‘இணைப்பு அறுந்தது’ என்ற எண்ணைப் படித்துச் சொல்லும் தொழிலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

சென்னை ஐஐடி வளாகத்திலும் ஒரு முயற்சி நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் அமைத்த டெனெட் குழு, கிராமங்களுக்குக் குறைந்த செலவில் தொலைபேசியும் இணையமும் தரும் கார்டெக்ட் போன்ற தொழில்நுட்பங்களில் உழைத்தது. அந்தச் சூழலில் முளைத்த என்எம்எஸ்வொர்க்ஸ் நிறுவனம் ‘சிக்நெட்’ என்ற மேலாண்மை மென்பொருளைச் செய்தது. இந்திய நிலைமைக்கு ஏற்ற கருவி வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

அதிகச் சத்தமும் அதிக மௌனமும்

இதெல்லாம் பொறியாளர்களின் வீட்டு விவகாரம்தானே, நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியில்லை. நிகழ்வு வரையறை தவறினால் இரண்டு வகை ஆபத்து வரும். இரண்டுக்கும் உலகம் விலை கொடுத்திருக்கிறது.

முதலாவது, அதிகச் சத்தம். 24 ஜூலை 1994 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் ஊரில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. வெடிப்பதற்கு முந்தைய சுமார் பதினோரு நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இரண்டு பேருக்கு வந்த எச்சரிக்கைகள் 275. அதாவது இரண்டரை வினாடிக்கு ஒன்று. முக்கியமானதும் முக்கியமில்லாததும் ஒரே குரலில் கத்தினால் எதுவும் காதில் விழாது. அங்கே எச்சரிக்கைக்குப் பஞ்சம் இல்லை. எதை முதலில் கேட்பது என்ற வரையறைக்குத்தான் பஞ்சம்.

இரண்டாவது, அதிக மௌனம். 14 ஆகஸ்ட் 2003 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2:14 மணிக்கு மேல் எச்சரிக்கை மென்பொருள் ஒரு நிரற்பிழையால் ஓசையின்றி நின்றுபோனது. திரை அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். வெளியே உயர் அழுத்தத் தடங்கள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. வழங்கி நின்றுவிட்டது என்று கணினிப் பிரிவுக்குத் தெரிந்தது. ஆனால் அவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவில்லை. மாலை 4:10 வாக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் ஆனார்கள்.

மேலே சொன்ன வாக்கியம் இங்கேதான் தேவைப்படுகிறது. தொலைந்த செய்தியும் நடக்காத பழுதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. மௌனம் நலத்தின் அடையாளம் அல்ல. அதனால்தான் நல்ல அமைப்புகளில் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று எச்சரிக்கை அமைப்பே அவ்வப்போது துடிப்புச் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்திருப்பார்கள். துடிப்பு நின்றால் அதுவே ஒரு நிகழ்வு.

ஒரு வரியின் கனம்

கட்டளை வரியின் பலமும் ஆபத்தும் ஒன்றேதான்: ஒரே வரி எல்லாவற்றையும் மாற்றும். 4 அக்டோபர் 2021 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. முதுகெலும்பு வலைப்பின்னலின் கொள்ளளவைச் சோதிக்கக் கொடுத்த ஒரு கட்டளை எல்லா இணைப்பையும் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. 8 ஜூலை 2022 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் அமைவில் ஒரு வடிகட்டியை நீக்கியதும் வலைப்பின்னலின் மையமே மூழ்கியது. பழுதைப் பார்க்கும் வலைப்பின்னலும் அதே வலைப்பின்னலைச் சார்ந்திருந்ததால், உள்ளே நுழைந்து பார்க்கவே அவர்களால் முடியவில்லை.

இவை நிகழ்வு வரையறை ஏற்றும்போது நடந்தவை அல்ல. இவற்றில் உலகமே உடனடியாகக் கத்தியது. நிகழ்வு வரையறையில் தவறு நேர்ந்தால் அந்தக் கத்தல்கூட வராது. பழைய ஓபன்வியூ கோப்பில் ஒரு நிகழ்வுக்குப் ‘பதிவு மட்டும்’ என்றோ ‘புறக்கணி’ என்றோ தரம் கொடுக்க இடம் இருந்தது. ஒரு சோதனைக்காக அப்படி எழுதி, மறந்து, அதே கோப்பை உண்மை நிலையத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? கட்டளை வெற்றி என்று சொல்லும். திரை பச்சையாகவே இருக்கும். அந்தப் பழுது உண்மையிலேயே நடக்கும் நாள் வரை தவறு யாருக்கும் தெரியாது.

அதனால் இந்தத் தொழிலில் சில பழக்கங்கள் வேரூன்றின. ஏற்றும் முன் இருப்பதை இறக்கிப் பத்திரப்படுத்து. முதலில் சோதனை நிலையத்தில் ஏற்று. ஏற்றிய பின் ஒரு பொய்ப் பழுதை நீயே உண்டாக்கி, மணி அடிக்கிறதா என்று பார். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று எழுதி வை. பின்னல் எந்திரத்தில் நூலைக் கையாலேயே அறுத்துப் பார்த்து, விளக்கு எரிகிறதா என்று சோதிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மறுபடி கணியூர்

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்காக, தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 2018-ல் அமைக்கப்பட்டது. கணியூர் பேரூராட்சி, எனவே அந்தக் கணக்கில் அது சேராது. அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் சேரும். இப்படிப்பட்ட வலைப்பின்னலில் சாலை தோண்டும் எந்திரம் ஒரு இழையை அறுத்தால், எங்கோ ஒரு திரையில் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு யாரோ ஒருவர் முன்பே ஒரு பெயரும் ஒரு கடுமையும் கொடுத்து வைத்திருப்பார்.

கடுமை ‘நெருக்கடி’ என்று இருந்தால் ஆள் உடனே கிளம்புவார். ‘சிறியது’ என்று இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம். நகரத்து இணைப்புக்கு ஒரு தரம், கடைக்கோடி ஊராட்சிக்கு ஒரு தரம் என்று ஒருவர் கோப்பில் எழுதினால், அது தொழில்நுட்பம் போலத்தான் தோன்றும். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் ஒருவர் இன்று வீடு திரும்புவதா, நாளையும் வருவதா என்பது அந்த வரியில்தான் இருக்கிறது. யாருடைய பழுது அவசரம், யாருடைய பழுது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்பது எப்போதும் மனிதர் எடுக்கும் முடிவு. கணினி அதை மறக்காமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கணிப்பது கணினியின் வேலை. எதைக் கணிக்க வேண்டும் என்று சொல்வது நம் வேலை. தொண்ணூறு நூலில் ஒன்று அறுந்தால்கூட விளக்கு எரிய வேண்டும் என்று திருப்பூரின் பின்னல் எந்திரத்துக்குத் தெரியும். அந்த அக்கறை வலைப்பின்னலின் ஒவ்வொரு இழைக்கும் கிடைத்தால், ‘கணி’ என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் ஊருக்கும் அது பெருமைதான்.